நெடுந்தீவு: நாலாயிரம் ரூபாயும் ஒரு நண்டுக் குழம்பும்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்கு எப்படிப் போவது, எவ்வளவு காசு முடியும் என்று விபரமாக எழுதித் தருகிறேன் என்று சித்தியின் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் முதலில் அந்த ஓட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கும் நித்திரை வராது.

போட்டை விட்டு இறங்கியதும் ஆள் முன்னால் நின்றார். “முழுத் தீவும் காட்டுறன் தங்கச்சி, நாலாயிரம் தாங்கோ.” தம்பி மூவாயிரம் என்றான். “அப்ப நடந்து பாருங்கோ” என்று சிரித்தார். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் தீவு, நிழல் என்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. ஏறிவிட்டோம். அவருடைய முழுத் தீவில் ஐந்தே இடங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிற்பார், பிறகு ஹோர்ன் அடிப்பார்.

பெருக்கு மரத்தடியில்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்த மரத்தின் வயிற்றில் ஒரு பொந்து இருக்கிறது, ஆள் உள்ளே புகுந்து நிற்கலாம். வெளியே தலை வெடிக்கிற வெயில், உள்ளே மண்பானைக் குளிர்ச்சி. அராபிய வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மரம் என்பார்கள். அதன் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஹோர்ன்.

“குதிரை எங்கே அண்ணை?” என்று கேட்டதற்கு, “அது தெற்குப் பக்கம், அதுக்கு வேற காசு” என்றார். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குதிரை பார்க்கத்தான் வருகிறார்கள்! பேரம் பேசி இன்னொரு 500 கொடுத்தோம். கொடுத்ததற்குக் கவலையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டவெளியில் எட்டுக் குதிரைகள், கட்டையான உடம்பு, விலா எலும்பு தெரிந்தது. ஒரு குட்டி தாயின் நிழலுக்குள் தன் நிழல் முழுதும் அடங்குகிற மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், இவை தண்ணீர் தேடி அலைகின்றன.

சரி, வழி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் எடுக்க வேண்டும். விடியவே போங்கள், இல்லாவிட்டால் நெடுந்தீவுப் போட்டை விட்டுவிடுவீர்கள். நாங்கள் ஏறிய பஸ்ஸில் என் இருக்கைக்குச் சாய்வே இல்லை, கம்பி மட்டும். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை வரைக்கும் அந்தக் கம்பியைத் திட்டிக்கொண்டு வந்தேன். அப்புறம் புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி வந்தது. இரண்டு பக்கமும் கடல், முழங்கால் ஆழத்தில் வலைக்காரர்கள், பஸ்ஸே தண்ணீருக்கு மேல் ஓடுகிற மாதிரி. கம்பி மறந்துபோனது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் கவனம். அங்கே நிற்கிற சனத்தில் முக்கால்வாசி நயினாதீவுக்குப் போகிறது. நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்களும் பௌத்தர்களின் நாகவிகாரைக்குப் போகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அது கால்மணி நேர ஓட்டம், போட்டுகள் வந்துகொண்டே இருக்கும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம், போட்டும் குறைவு. ஒன்றை விட்டால் அன்றைய நாள் போச்சு. நல்லவேளை, அரசாங்கப் போட், காசு கடிக்கவில்லை.

போட்டுக்குள் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், தகரக் கட்டு, ஒரு மோட்டார் சைக்கிள், அவற்றுக்கு நடுவே நாங்கள். கீழ்த்தட்டில் டீசல் மணம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது, பாதி வழியில் ஆட்டமோ ஆட்டம். தம்பி முகம் வெளிறிப் போனான். பக்கத்தில் இருந்த அம்மா மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி, “மணந்து பார் ராசா” என்று கொடுத்தார். வேலை செய்தது. இதே கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகை மறித்துக் குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றார்கள். அந்த அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. நெடுந்தீவார் இன்றைக்கும் மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதே தண்ணீரைத்தான் தாண்டுகிறார்கள்.

கோட்டை இடிபாடு, புறாக்கூடு எல்லாம் பார்த்தோம். கோட்டையை விட எனக்குப் பிடித்தது வீட்டு வேலிகள். சாந்து கிடையாது, பவளப்பாறைக் கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் குட்டிக் குட்டி நட்சத்திரம் பதிந்த மாதிரி இருக்கும். நட்சத்திரத்துக்குள் விரல் நுனி சொரசொரக்கும். (பார்த்துக்கொண்டிருந்தபோது என்ன கேட்டது என்று உங்களுக்குத் தெரியும்.)

சாப்பாடு! இறங்குதுறைக்குக் கிட்ட ஓலைக் கொட்டில் கடை, பெயர்ப்பலகை கூட இல்லை. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, சொதி, நண்டுக் குழம்பு. நண்டு காலையில் கரைக்கு வந்தது என்று கடைக்கார அக்கா சொன்னார், சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். சதை ஓட்டிலிருந்து கழன்று வந்தது. குழம்பில் அவர்கள் வீட்டிலேயே இடித்த தூள், மூக்கில் தண்ணீர் வரவைத்தது. ஆளுக்கு 700 ரூபாய், இரண்டாம் தரம் சோறும் குழம்பும் அதற்குள்தான். ஓட்டோவுக்குக் கொடுத்த காசில் ஆறு பேர் இங்கே வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம் என்று தம்பி கணக்குப் பார்த்தான். அடுத்த முறை சைக்கிள் ஒன்றைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போவதென்று அங்கேயே முடிவெடுத்தோம்.

சாப்பாட்டு மயக்கத்தில் 2.30 போட்டை விடப் பார்த்தோம். பின்னால் ஹோர்ன் சத்தம். அதே ஓட்டோ. “ஏறுங்கோ, போட் வெளிக்கிடப் போகுது!” அரை நிமிட ஓட்டம், கயிறு அவிழ்க்கும்போது ஏறிவிட்டோம். இறங்கும்போது தம்பி பர்ஸைத் திறந்தான். “காசு வேண்டாம், ஓடுங்கோ” என்றார்.

இப்போது அவரைத் திட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த 500ஐ மட்டும் திட்டுகிறேன்.