ஊசி குத்தினால், ஆணுறை கிழிந்தால்: 72 மணித்தியாலத்துக்குள்

எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று பயந்து வருகிறவர்கள் உடனே இரத்தம் சோதிக்கச் சொல்லித்தான் கேட்பார்கள். அன்று எடுக்கும் சோதனை முந்திய நிலையை மட்டுமே காட்டும். அவசரம், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் குளிசைக்குத்தான். சம்பவம் நடந்து 72 மணித்தியாலம் கடந்தால் பொதுவாகத் தொடங்கமாட்டார்கள். முதல் நாளே விழுங்கினால் பலன் கூட. 'திங்கட்கிழமை பார்ப்பம்' என்று வெள்ளி இரவில் நினைத்தால் நேரத்தில் பெரும்பகுதி போய்விடும்.

ஊசி குத்திய இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணியில் கழுவுங்கள். பிதுக்கவோ டெட்டோல் ஊற்றித் தேய்க்கவோ வேண்டாம், தோல்தான் புண்ணாகும். கண்ணில் இரத்தம் தெறித்தால் வெறும் தண்ணி போதும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குத் வைத்தியரின் துண்டு இல்லாமலே போகலாம், காசும் இல்லை. இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. வாசலில் தெரிஞ்ச முகம் நிற்குமோ என்ற பயம் எங்கட ஊரில் சின்னப் பயமில்லைதான். உள்ளே சொல்வது இரகசியமாக இருக்கும்.

எப்போது, எப்படி நடந்தது, மற்றவருக்குத் தொற்று உண்டா, மருந்து எடுக்கிறாரா என்று வைத்தியர் கேட்பார். ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவில் எச்.ஐ.வி. பரவாது. நுளம்பு கடித்ததற்கும் ஒரே கோப்பையில் சாப்பிட்டதற்கும் குளிசை தேவையே இல்லை.

குளிசை 28 நாளைக்கு. வழமையாக டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ரவிர் மூன்றும் சேர்ந்தது. முதல் இரண்டும் ஹெப்பரைற்றிஸ் பி வைரசையும் அடக்கும். அந்த நோய் உள்ளவர் திடீரென நிறுத்தினால் ஈரல் அழற்சி கிளம்பலாம். அதனால்தான் தொடக்கத்தில் அதற்கும் சோதிக்கிறார்கள். இரும்புச்சத்து, கல்சியம் குளிசை, வயிற்றெரிவு மருந்து எடுப்பவர் கட்டாயம் சொல்லவேண்டும்: இவற்றில் சில டொலுடெக்ரவிரை உடம்பில் சரியாகச் சேரவிடாது. அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்னரோ 6 மணித்தியாலம் பின்னரோ டொலுடெக்ரவிரை விழுங்குங்கள். ஆரம்பத்தில் குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம் வரலாம். பலர் இடையில் விடுவது இதால்தான்; விடாமல் வைத்தியரிடம் கேளுங்கள், குமட்டலுக்கு மருந்து உண்டு.

குளிசை முடிந்தாலும் சோதனை முடியாது. குளிசை தொற்று தெரியவரும் காலத்தைப் பிந்தவைக்கக்கூடும்; அதனால் கடைசிச் சோதனை மூன்று மாதமளவில். அதுவரை இரத்ததானம் வேண்டாம், ஆணுறை வேண்டும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை கிழியும். தண்ணியில் கரையும் ஜெல் பாவியுங்கள். அடிக்கடி இப்படி வரவேண்டி இருப்பவர், முன்கூட்டியே எடுக்கும் 'பிரெப்' குளிசையை அங்கேயே விசாரிக்கலாம்.