3(கே) பிரிவும் எங்கள் போர்வெல் மென்பொருளும்

போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டார் டிரை ரன்னில் ஓடி காயில் கருகிவிடும். கோவைப் பக்கம் இது அன்றாடக் கதை. தனி சென்சார் இறக்காமல், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தின் (ஆம்ப்ஸ்) போக்கைப் பார்த்தே ஸ்டார்ட்டரை நிறுத்தும் மென்பொருளை நானும் நண்பரும் எழுதினோம். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அது ஏமாறாது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம்.

2020இல் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தது. முதல் ஆட்சேபணையே 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(கே). கணித முறை, வணிக முறை, அல்காரிதம் (கணக்கிடும் படிமுறை), 'பெர் சே' கணினி நிரல் எதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது அந்தப் பிரிவு. 'பெர் சே' என்றால் தன்னளவில். வெறும் நிரல் கூடாது, சரி. அதற்கு மேல் என்ன இருந்தால் போதும்? சட்டம் சொல்லவில்லை.

பதில் தர ஆறு மாதம் இருந்தது. தேடிப் படித்தபோது மனசு கொதித்தது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், தொழில்நுட்பப் பயன்பாடு உள்ள நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் வழிவிட்டிருந்தது. 2005இல் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது அந்த வாசகத்தை ஏற்கவில்லை. பழைய வரியே நின்றது. காப்புரிமை அலுவலகத்தின் 2016 வழிகாட்டுதல் புதுமையான வன்பொருளும் வேண்டும் என்றது. 2017இல் அந்த நிபந்தனை போனது. எங்களுடையது கடையில் கிடைக்கும் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரலை ஓட்டும் சின்னச் சிப். 2016இல் என்றால் அங்கேயே முடிந்திருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன தீர்ப்பு அது.

தவறு எங்களிடமும் இருந்தது. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதிதான் கிளெய்ம். அது முழுக்க 'தரவைப் பெற்று, கணக்கிட்டு' என்றே எழுதியிருந்தோம். படித்தால் வெறும் அல்காரிதம் போலத்தான் தெரியும். 59ஆம் பிரிவின்படி, திருத்தும்போது புது விஷயம் எதையும் நுழைக்க முடியாது. நல்லவேளை, மோட்டாரின் மின்சாரத்தை வெட்டும் ரிலே எப்போது துண்டிக்கிறது என்ற அளவீடுகள், விண்ணப்பத்தோடு கொடுத்த முதல் விவரக்குறிப்பிலேயே இருந்தன. அவற்றைக் கிளெய்முக்குள் கொண்டுவந்தோம்.

வீடியோ விசாரணையில் அதிகாரி கேட்டதில் ஒன்று மறக்கவில்லை: "இந்த நிரலை எடுத்துவிட்டால் மோட்டாருக்கு என்ன ஆகும்?" கருகும் என்றோம். பதினைந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதத்தையும் கொடுத்தோம். சில மாதத்தில் காப்புரிமை வந்தது.

ஒரே போர்வெல்லைப் பங்காளிகள் முறை வைத்துப் பயன்படுத்த உதவும் நிரல் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. அது வெறும் கால அட்டவணை. யாரும் எழுதலாம், அதற்கு விண்ணப்பிக்க மாட்டோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை நாடாளுமன்றமே சட்டத்தில் எழுத வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரன் தீர்ப்பாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது.