ராத்திரி டேட்டாவில் விண்டோஸ் அப்டேட்

இரவு 12 முதல் 6 வரை ஓடும் டேட்டா கணக்கில் வராத பிளானா? விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸில் இருக்கும் ஆக்டிவ் ஹவர்ஸை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ரீஸ்டார்ட் எப்போது நடக்கக் கூடாது என்பதோடு அதன் வேலை முடிந்தது. டவுன்லோடு பட்டப்பகலிலும் ஓடும்.

பகலில் பூட்டுப் போடுவது மீட்டர்டு கனெக்‌ஷன்தான், அதாவது 'இந்த நெட்டில் டேட்டா அளவானது' என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஸ்விட்ச். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினால் பழைய பூட்டு போச்சு.

ராத்திரி திறக்க அலாரம் வைக்க வேண்டாம். குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இரண்டு டாஸ்க் போதும். 12:10க்கு நெட்ஷ் (netsh, விண்டோஸின் நெட்வொர்க் கட்டளை) அந்த வைஃபை ப்ரொஃபைலின் காஸ்ட்டை (cost) அன்ரிஸ்ட்ரிக்டட் ஆக்கட்டும், பூட்டு திறக்கும். 5:40க்கு மறுபடி ஃபிக்ஸட், அதாவது மீட்டர்டு. இரண்டிலும் கம்ப்யூட்டரை எழுப்பும் டிக் அவசியம், பவர் ஆப்ஷன்ஸில் அப்படி எழுப்ப அனுமதிக்கும் வேக் டைமர்ஸும் ஆனில் இருக்கணும்.

சொதப்புவது இங்கேதான்: டாஸ்க்கின் கண்டிஷன்ஸில் 'ஏசி பவரில் இருந்தால் மட்டும்' என்ற டிக் தானாகவே விழுந்திருக்கும். விடியற்காலை கரண்ட் போனால் 5:40 டாஸ்க் ஓடாது, நாள் முழுக்கப் பூட்டு திறந்தே கிடக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

லேப்டாப் தூங்கினால் பல போன்களில் ஹாட்ஸ்பாட்டும் தானே அணையும். அந்த ஆட்டோ ஆஃபையும் நிறுத்துங்கள். கேம்ஸ் டவுன்லோடு செய்யும் ஸ்டீம் ஆப்புக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், அதன் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்திலேயே நேரம் குறிக்கலாம்.