குப்பை அள்றவங்க ஆஸ்பத்திரியும் நடத்துறாங்களா?

திருநெல்வேலில இருந்து மச்சான் மும்பைக்கு வந்திருந்தான், இங்க சயான் ஆஸ்பத்திரி வழியா நடந்து போறப்ப இது ஸ்டேட் கவர்மெண்ட்டா சென்ட்ரலான்னு கேட்டான். ரெண்டும் இல்லடா, முனிசிபாலிட்டின்னேன். "ஏல, குப்பை அள்றவங்க ஆஸ்பத்திரியும் நடத்துறாங்களா?"ன்னு ஒரே சிரிப்பு. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிய பாத்து வளந்தவனுக்கு அப்படித்தான் தோணும், அங்க பெருசுன்னா மாநில அரசு. இங்க ஜே.ஜே. மாதிரி சிலதுதான் அப்படி, சயான், நாயர், 1926-ல தொறந்த கே.இ.எம். எல்லாம் மாநகராட்சிது, மெடிக்கல் காலேஜும் சேத்து.

ஆனா எங்களுக்கு மாநகராட்சின்னா அந்த பெரிய கட்டடம் இல்ல, தாராவில எங்க சந்துக்கு வீடு வீடா வர்ற மாநகராட்சி சுகாதாரப் பணியாளர், சேவிகா அக்காதான். போன வருஷம் அப்பாவுக்கு டிபி. கண்டுபிடிச்சது ஆஸ்பத்திரில, மாத்திரை குடுத்தது மாநகராட்சியோட சின்ன சுகாதார நிலையமான பக்கத்து ஹெல்த் போஸ்ட்ல. ஆறு மாசம் விடாம போடணும். ரெண்டாவது மாசம் இருமல் நின்னதும் அப்பா சத்தமில்லாம நிறுத்திட்டாரு, காலி அட்டைய காட்டணும்ல, அதனால தெனமும் மாத்திரைய பிரிச்சு சாக்கடைல போட்டிருக்காரு, எங்க யாருக்கும் தெரியல. அக்கா வந்தாங்க, அட்டைய எண்ணினாங்க, கணக்கு சரியா இருந்துச்சு. அப்புறம் சும்மா கேக்குற மாதிரி, "அண்ணாச்சி, ஒண்ணுக்கு இன்னும் ஆரஞ்சாவா போகுது?" அப்பா பெருமையா, "இல்லம்மா, இப்ப நல்லா வெள்ளையா போகுது." மாட்டிக்கிட்டாரு! அந்த மாத்திரைல ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கு, அத முழுங்கினா மூத்திரம் ஆரஞ்சாத்தான் போகும். அன்னைக்கே கையோட கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னாடி உக்கார வச்சுட்டாங்க. பாதில விட்டா அடுத்து மருந்துக்கே அடங்காத டிபி வரும்னு அவர் சொன்னப்புறம்தான் அப்பா பயந்தாரு.

டிபிக்கு மருந்து சாப்பிடுறவங்களுக்கு சத்துணவுக்குன்னு மாசம் 1000 ரூபா வரணும், 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500. அது மட்டும் மூணு மாசம் வரல. திட்டம் சென்ட்ரலோடது, போடுறது பேங்க் அக்கவுண்ட்ல, பதியறது வேற எங்கயோ, ஒவ்வொருத்தரும் அடுத்த டேபிள கை காட்டுறாங்க, கடைசில திட்டு வாங்கினது யாரு, மாநகராட்சி குடுக்குற மதிப்பூதியத்துக்கு வெயில்ல அலையுற அக்காதான். எங்கம்மாவே திட்டியிருக்காங்க, எனக்கு வெக்கமா போச்சு.

கோர்ஸ் முடிஞ்சு அப்பா இப்ப நல்லா இருக்காரு. சந்துல அக்கா தலைய பாத்தா போதும், "இப்ப வெள்ளையா போகலாம்லம்மா?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறாரு.