அனுப்பப்பட்டவர்களும் தாமே சென்றவர்களும்

1987ஆம் ஆண்டு மே மாதத்தில், நாகோயாவைச் சேர்ந்த யோஷிஹிரோ அசாய் என்ற 20 வயது இளைஞர் தமது முதல் தொழில்முறை மல்யுத்த ஆட்டத்தை ஆடினார். ஆட்டம் நடந்த இடம் ஜப்பான் அன்று, மெக்சிகோ. டோக்கியோவில் இருந்த நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் வியர்வை சிந்தியவர்தாம் அவர். ஆனால் 170 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தை வைத்துக்கொண்டு அங்கே களமேற வழி கிடைக்கவில்லை. அக்காலத்தில் அந்நிறுவனம் புதியவர்களிடம் எதிர்பார்த்த உயரம் 180 சென்டிமீட்டர். பின்னாளில் ஜூஷின் லைகர் என்று புகழ்பெற்ற கெய்ச்சி யமாடாவும் இதே அளவுகோலில் தோற்று, மெக்சிகோவுக்குச் சென்று, அங்கே வந்திருந்த நியூ ஜப்பான்காரர்களின் கண்ணில் பட்ட பிறகே உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்டார். வீட்டு வாசலில் கிடைக்காத அனுமதி கடல் கடந்த ஊரில் கிடைத்தது.

வெளிநாடு செல்வது ஜப்பானிய மல்யுத்தத் தொழிலில் புதுமையான காரியம் அன்று. புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் கறுப்புக் கால்சட்டையும் கறுப்புக் காலணியும் அணிந்து, எளிய பிடிகளை மட்டுமே பயன்படுத்தி, மூத்தவர்களின் ஏவல்களையும் பயிற்சிக்கூடத்தின் சமையல், துப்புரவு வேலைகளையும் பார்த்து, பெரும்பாலும் தோற்றுக்கொண்டே சில ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். அதன் பிறகு நிறுவனம் அவரை அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ மெக்சிகோவுக்கோ அனுப்பும். பழைய வாள்வீரர்கள் ஊர் ஊராக அலைந்து கலை பயின்ற வழக்கத்தின் பெயரையே இந்தப் பயணத்திற்கும் சூட்டியிருக்கிறார்கள். 1975இல் கிரான் ஹமாடா அவ்வாறு அனுப்பப்பட்டு, மெக்சிகோவையே இரண்டாம் தாயகமாக்கிக்கொண்டார். 1978இல் சென்ற சடோரு சயாமா அடுத்த ஆண்டே அங்கு மிடில்வெயிட் பட்டம் வென்று, இங்கிலாந்து வழியாகத் திரும்பி, 1981 ஏப்ரலில் டைகர் மாஸ்க் என்ற முகமூடியுடன் டோக்கியோவையே புரட்டிப் போட்டார்.

ஹமாடாவும் சயாமாவும் அனுப்பப்பட்டவர்கள். அசாயோ தாமே போனவர். ஒரு பணியாளரின் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை வெளியூரில் பிழைத்தவர்கள் அறிவார்கள். அனுப்பப்பட்டவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அந்த ஊரில் சறுக்கினாலும் அது பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடும். தாமே போனவருக்கு அன்றைய ஆட்டமே எல்லாம். அது பிடிக்காமல் போனால் அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வராது.

மெக்சிகோவில் அவர் நுழைந்தது 1933இல் சல்வடோர் லுட்டெரோத் ஒழுங்கமைத்துத் தொடங்கிவைத்த லூச்சா லிப்ரே என்ற பெருந்தொழிலுக்குள். முகமூடி அணிந்தவர்களும் அணியாதவர்களும், நேர்மையாக ஆடும் டெக்னிகோக்களும் முரட்டுத்தனம் காட்டும் ருடோக்களும் என்று அங்கே எல்லாருக்கும் ஒரு தரப்பு உண்டு. தோற்றால் முகமூடியைக் கழற்றி இயற்பெயரைச் சபையில் சொல்ல வேண்டும் அல்லது தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்ற பந்தய ஆட்டங்களும் உண்டு. இவையெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கே தெரியும். உள்ளே வேலை செய்பவரைத் தடுமாறச் செய்பவை வேறு, அவற்றைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, காற்று. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர நகரத்தில் பழகிய நுரையீரல் அங்கே ஐந்து நிமிட ஓட்டத்திலேயே கெஞ்சத் தொடங்கிவிடும். லூச்சா லிப்ரேயோ ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம்.

அடுத்தது பக்கம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மல்யுத்த வீரர்கள் எதிராளியின் இடக் கையை, இடக் காலை, இடப்புறத் தலையைப் பிடித்து வேலை செய்யப் பழகியவர்கள். மெக்சிகோவில் மரபாக எல்லாமே வலப்புறம். இரண்டு நாடுகளின் சாலைகளும் இப்படித்தான் என்பது தற்செயலாக இருக்கலாம்: ஜப்பானில் வண்டிகள் நம் ஊரைப் போல இடப்புறம் ஓடுகின்றன, மெக்சிகோவில் வலப்புறம். வலப்பக்கச் சாலையில் முதன்முறையாக வண்டி ஓட்டியவருக்கு, திருப்பத்தில் கை தானாகத் தவறான பக்கம் போன அந்த ஒரு நொடி நினைவிருக்கும். மல்யுத்தத்தில் அந்த ஒரு நொடி எதிராளியின் கழுத்து. ஆட்டத்தின் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்று இகழ்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். முடிவு தெரிந்த ஆட்டத்தில் மற்றவரின் உடல் முழுவதும் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறது. அவர் எந்தப் பக்கம் திரும்புவார், எந்தத் தோளைத் தரையில் ஊன்றுவார் என்பதைப் பேசாமலே அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இடப்புறம் பழகிய உடம்பை வலப்புறமாக மாற்றி எழுதுவது, வயது வந்த பின் இன்னொரு கையால் எழுதக் கற்பதைப் போன்றது.

மூன்றாவது, முறை. லூச்சாவில் பெரும்பான்மை ஆட்டங்கள் மூவர் அணிக்கு மூவர் அணி. மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவருக்கு வெற்றி. ஜப்பானில் அணித்தோழர் கையைத் தொட்டால்தான் உள்ளே நுழையலாம். மெக்சிகோவில் தோழர் கயிற்றுக்கு வெளியே விழுந்தாலே போதும், அடுத்தவர் பாய்ந்துவிடலாம். டோக்கியோவில் பழகியவர் கையை நீட்டிக்கொண்டு மூலையில் காத்திருக்கும்போது மூன்று பேர் அவரைக் கடந்து உள்ளே போயிருப்பார்கள். அயல்நாட்டில் நான் சேர்ந்த முதல் அலுவலகத்தின் கூட்டங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. தலைவர் பெயர் சொல்லி அழைப்பார், அப்போது பேசலாம் என்று குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒருவர் மூச்சு வாங்கும் இடைவெளிதான் அடுத்தவருக்கான அழைப்பு என்பது விளங்க இரண்டு மாதங்கள் ஆயின. அதுவரை எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

இன்னொரு சிறு விதியும் உண்டு. எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை தரையில் படும்படி இறக்கும் பிடி ஜப்பானில் வழக்கமான ஆயுதங்களுள் ஒன்று. மெக்சிகோவில் அதற்கு மார்ட்டினெட்டே என்று பெயர்; செய்தால் தகுதி நீக்கம். ஊரில் பாராட்டு வாங்கித் தந்த வித்தை புதிய பணியிடத்தில் குற்றமாக இருக்கும்போது, விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல் கற்றுக்கொள்ள வேண்டியவற்றின் பட்டியலைவிட நீளமாகிவிடுகிறது.

அசாய் இவற்றையெல்லாம் எந்த அளவுக்கு உள்வாங்கினார் என்பதற்கு அவருடைய பெயரைத் தாங்கிய தாவலே சான்று. மேடையின் விளிம்பில் இரண்டாம் கயிற்றின் மேல் துள்ளி ஏறி, பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து, கீழே தரையில் நிற்பவர் மேல் விழும் அந்த வித்தையை உலகம் முழுவதும் அசாய் மூன்சால்ட் என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1991இல் அவருக்கு முகமூடியும் உல்டிமோ டிராகன், அதாவது கடைசி டிராகன், என்ற பெயரும் சூட்டப்பட்டன. முகத்தை மறைத்தார்கள், ஆனால் இயற்பெயர் ஒரு தாவலில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது. புரூஸ் லீயின் கடைசிச் சீடர் என்று ஒரு கதையும் கட்டினார்கள். புரூஸ் லீ மறைந்த 1973இல் அசாய் ஆறு வயதுச் சிறுவர். ஜப்பானியர் ஒருவரை ஹாங்காங் குங்பூ நாயகரின் வாரிசாக்கி மெக்சிகோவில் விற்றதை எண்ணிச் சிரிக்கலாம். ஆனால் அயலாருக்கு ஒரு பணியிடம் தரும் முதல் வேடம் பெரும்பாலும் இப்படித்தான், அவர்கள் மனத்தில் முன்பே இருக்கும் ஏதோ ஒரு படத்திலிருந்து வெட்டித் தைத்ததாகவே இருக்கும். ஜப்பானிய ருடோக்களின் அணி ஒன்றுக்கு மஞ்சள் அலை என்று பெயர் வைத்த இடம் அது. அந்தப் பெயர் எனக்கு உவப்பாக இல்லை. அதைக் காட்டிலும் கடைசி டிராகன் கண்ணியமான சட்டைதான். மேலும் அசாய் அந்தச் சட்டையைத் தம் அளவுக்குத் திருத்தித் தைத்துக்கொண்டார்.

1990இல் ஹமாடா லூச்சா பாணியை ஜப்பானுக்குக் கொண்டுசென்ற யுனிவர்சல் நிறுவனத்தில் அசாயும் இருந்தார். ஊர்க்காரர்கள் அவரை முதலில் கவனித்தது மெக்சிகோவிலிருந்து வந்தவராகத்தான். 1996இன் இறுதியில், எட்டுப் பட்டங்களை ஒன்றாக்கிய ஜே கிரவுனையும் வேறு இரண்டு பட்டங்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் பத்துப் பட்டங்களை வைத்திருந்தார். உடம்பெல்லாம் வார்ப்பட்டைகள் தொங்க நிற்கும் அந்தப் புகைப்படத்தை மல்யுத்த ரசிகர்கள் இன்றும் பகிர்கிறார்கள். 1998இல் முழங்கைக்குச் செய்த அறுவைச் சிகிச்சையில் நரம்பு பாதிக்கப்பட்டு, ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2002இல்தான் மீண்டும் களத்திற்கு வந்தார்.

பட்டங்களைக் காட்டிலும், அந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அவர் செய்துவிட்ட ஒரு வேலைதான் என்னை வியக்க வைக்கிறது. மெக்சிகோ நகரத்தை ஒட்டிய நௌகல்பானில் டோரியூமொன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதன் முதல் மாணவர்கள் 1997 மே மாதத்தில் அங்கேயே அரங்கேறினார்கள். அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை மீன் வாயிலைத் தாண்டியதும் டிராகனாகிவிடும் என்ற பழங்கதையின் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி, போரிடும் டிராகனின் வாயில் என்று பொருள்படச் செய்த பெயர் அது. சீமா, மேக்னம் டோக்கியோ, டிராகன் கிட் போன்றவர்கள் அந்த வாயில் வழியே வந்தவர்கள். ஜப்பானில் உயரம் போதாதவர்களை மெக்சிகோவுக்கு அழைத்து, வலப்பக்கமும் மூவர் அணியும் பழக்கி, 1999இல் அவர்களை ஒரு முழு நிறுவனமாக ஜப்பானுக்கே கொண்டுசென்றார். 2004இல் அந்நிறுவனம் அவரைவிட்டுப் பிரிந்து டிராகன் கேட் ஆயிற்று. அவரோ டோரியூமொன் என்ற பெயரோடு வெளியேறினார். தாம் தனியாக நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதையை மற்றவர்களுக்குச் சாலையாக்கித் தந்தவர் அதே சாலையில் ஒரு சுங்கச்சாவடிகூட வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். 2019இல் அவரே டிராகன் கேட் மேடைக்குத் திரும்பி வந்தார்.

அனுப்பப்பட்டவர்களைக் குறைத்து மதிப்பிட்டதாக எண்ண வேண்டாம். நியூ ஜப்பான் வீரர் டெட்சுயா நைட்டோவின் கதை அதற்கு மாற்று. 2014 ஜனவரி 4 அன்று டோக்கியோவில் அவர் ஆட வேண்டிய பட்ட ஆட்டத்தை, ரசிகர்களின் வாக்கெடுப்பு இறுதி ஆட்டம் என்ற இடத்திலிருந்து கீழிறக்கிவிட்டது. நல்லவராக ஆட ஆட எள்ளல் கூடியது. 2015இல் சில வாரங்கள் மெக்சிகோ சென்றவர், லாஸ் இங்கோபெர்னாபிள்ஸ், அதாவது அடங்காதவர்கள், என்ற அணியில் சேர்ந்தார். அந்த அணியின் ரஷ் என்பவரும் டெக்னிகோவாகவே இருந்துகொண்டு ரசிகர்களின் எள்ளலை வாங்கியவர்தாம். ஆனால் அவர் அதற்கு வருந்துவதில்லை. நைட்டோ திரும்பியபோது கொண்டுவந்தது புதிய பிடி எதுவும் அன்று, ட்ராங்கீலோ என்ற ஒற்றைச் சொல். அமைதியாக இரு, அவசரப்படாதே என்று பொருள். மேலங்கியை அவிழ்க்கவே நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்டு எதிராளியைக் காக்க வைப்பார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நியூ ஜப்பானின் உச்சப் பட்டத்தை வென்றார், அதே ரசிகர்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

ஷிகெயோ ஒகுமுரா இந்த இரண்டு வகைகளிலும் சேராதவர். 2004 முதல் அரீனா மெஹிகோவை நடத்தும் சி.எம்.எல்.எல். நிறுவனத்தில் ஆடுகிறார். பெரும்பாலும் ருடோ, பெரும்பாலும் பட்டியலின் நடுவில். பந்தய ஆட்டங்களில் தலைமுடியை ஒருமுறைக்கு மேல் இழந்திருக்கிறார். ஜப்பானிலிருந்து இளைஞர்கள் வந்து, முகமூடி அணிந்து, பெயர் பெற்று, ஊர் திரும்பி நட்சத்திரங்களாகிறார்கள். கமைதாச்சி என்ற பெயரில் வந்த ஹிரோமு தகாஹாஷியும் அவர்களுள் ஒருவர். ஒவ்வொரு முறையும் அவர்கள் பக்கத்தில் அணித்தோழராக நின்றவர் ஒகுமுரா. புதிதாக வருபவரின் கை எந்த நொடியில் தவறாக இடப்பக்கம் போகும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த அரங்கில் வேறு யார் இருக்க முடியும்? அலுவலகங்களில் இத்தகைய மூத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். பதவி உயர்வுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது, ஆனால் பட்டியலில் வரும் பெயர்கள் எல்லாம் அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவை.

அசாய் களமேறிய அதே 1987இல், அவர் பிறந்த அதே ஐச்சி மாகாணத்தில் பிறந்தவர் கசுச்சிகா ஒகாடா. நடுநிலைப் பள்ளியை முடித்ததும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகாமல் டோரியூமொன் பள்ளியில் சேர்ந்து, 2004 ஆகஸ்டில், 16 வயதில், பூட்டுப் பிடிகளில் தேர்ந்த மூத்தவர் நெக்ரோ நவாரோவுக்கு எதிராக மெக்சிகோவில் முதல் ஆட்டம் ஆடினார். பையன் வளர்ந்து 190 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டான். 2007இல் நியூ ஜப்பான் அவரைச் சேர்த்துக்கொண்டது. மெக்சிகோ அனுபவத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கறுப்புக் கால்சட்டையிலிருந்து மீண்டும் தொடங்கச் சொன்னது. அவரும் தொடங்கினார். 2010இல், முறைப்படி, நிறுவனம் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது.