மூச்சை இழுத்து நிறுத்துங்க: ஒரு எக்ஸ்ரே மாணவியின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாம் வருடம். இன்றுதான் ஜெனரல் எக்ஸ்ரே அறையில் முழுநேர போஸ்டிங் ஆரம்பம். போன வருடம் ஓரமாக நின்று பார்த்தது, கேசட் (எக்ஸ்ரே படம் பதியும் தட்டு) தூக்கிக் கொடுத்தது, ரெக்கார்டு எழுதியது எல்லாம் வேறு, நோயாளி முன்னால் தனியாக நிற்பது வேறு.

முதல் ஆளே ஒரு பாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பத்து நாளாக இருமல், நெஞ்சுப் படம். ஸ்டாண்டைப் பார்த்து நிற்க வைத்தேன், தாடையைத் தூக்கி மேலே வைத்தேன், கைகளை இடுப்பில் ஊன்றி முழங்கையை முன்னால் தள்ளச் சொன்னேன் (அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் விலகும்). கதிர் வரும் டியூப் 180 சென்டிமீட்டர் தள்ளி. எல்லாம் படித்தபடிதான். தடுப்புக்குப் பின்னால் ஓடி வந்து "மூச்சை இழுத்துப் பிடிங்க பாட்டி" என்று குரல் கொடுத்துவிட்டு அப்புறம் ஸ்விட்சைப் பிடித்தேன். அங்கேதான் தப்பு. ஸ்விட்சைப் பாதி அழுத்தினால் டியூபுக்குள் இருக்கும் ஆனோடு என்ற தட்டு சுழல ஆரம்பிக்கும், அது வேகம் பிடிக்க ஒன்றிரண்டு நொடி ஆகும், முழுசாக அழுத்தினால்தான் கதிர் வரும். அந்த ஒன்றிரண்டு நொடிக்குள் பாட்டி மூச்சை விட்டுவிட்டு "என்னம்மா சொன்ன?" என்று லேசாகத் திரும்பியும் விட்டார்.

கேசட்டை ரீடரில் போட்டதும் தெரிந்தது. இதயம் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக, நுரையீரலின் அடிப்பகுதி மங்கலாக, காறை எலும்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கோணலாக. ரிப்பீட்.

எனக்குச் சொல்லித்தரும் மேடம் திட்டவில்லை. பாட்டி பக்கத்தில் போய் நின்று, "பூ வாசனை பாக்குற மாதிரி மூக்கால இழுங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று இரண்டு தடவை அவரோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்துக் காட்டினார். பிறகு தடுப்புக்கு வந்து, பாட்டி இழுக்க ஆரம்பிக்கும்போதே ஸ்விட்சைப் பாதி அழுத்திவிட்டார். படத்தில் பின்பக்க விலா எலும்பு பத்து வரை எண்ண முடிந்தது, மூச்சை முழுசாக இழுத்ததற்கு அதுதான் அடையாளம்.

ஒரு நெஞ்சுப் படத்தில் உடம்புக்குப் போகும் கதிர் ரொம்பக் கொஞ்சம்தான். ஆனாலும் அந்த முதல் படம் பாட்டிக்கு எந்த உபயோகமும் இல்லாமல் போனது, அதை நான் கொடுத்தேன். மின்சார ரயிலில் குரோம்பேட்டை வரும்வரை அதே நினைப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு சின்ன நோட்டு வாங்கி, என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கே.வி., எம்.ஏ.எஸ். என்று மெஷினில் வைக்கிற அளவுகள் எல்லாம் வேறு நோட்டில். தமிழில் "பிடிங்க" என்றால் சிலர் ஸ்டாண்டைக் கையால் பிடிக்கிறார்கள், அதனால் "நிறுத்துங்க". தெலுங்குக்காரர்களுக்கு "ஊபிரி பீல்ச்சுக்கோண்டி, ஆபண்டி". கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த தம்பிகள் தினமும் இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள், அவர்களுக்கு "லம்பி சாஸ் லீஜியே, ரோகியே". வார்டு பாய் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். இருபது வருடமாக இதே வாசலில் நிற்கிறார், அவருக்குத் தெரியாத பாஷை கிடையாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாலி.

புத்தகத்தில் ஒரே வரி: உலோகப் பொருட்களை அகற்றவும். இன்று வந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் நீளமான சரடு, குண்டும் காசும் கோர்த்தது. "கழட்டிடுங்கம்மா" என்று சொன்னதுமே முகம் மாறிவிட்டது. "அவரு ஐ.சி.யு.ல கெடக்காரு, இந்த நேரத்துல கழட்டச் சொல்றியேம்மா" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கழட்டாமல் எடுத்தால் காசின் நிழல் நுரையீரல் மேல் வெள்ளையாக விழும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மஞ்சள் கயிறு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை, அதில் கோர்த்த தங்கம்தான் மறைக்கும்.

மேடம் வந்தார். "கழட்டவே வேணாம்மா, மேல ஏத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சரடை இரண்டு கையாலும் விரித்து, தாடையைத் தாண்டி மேலே கொண்டுபோய், காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றி நெற்றிச்சுட்டி மாதிரி நிறுத்தினார். தாலி உடம்பை விட்டு ஒரு நொடிகூடப் பிரியவில்லை. படம் முடிந்ததும் அவரே இறக்கிவிட்டு, முந்தானையையும் சரி செய்தார். அந்த அம்மா மேடத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: "கழட்டுங்க" கிடையாது, "மேல ஏத்திக்கலாம்". குழந்தைகளுக்கு அரைஞாண் கயிறும் தாயத்தும் இருக்கும், வயிற்றுப் படத்துக்கு அதையும் இப்படியே நெஞ்சுப் பக்கம் நகர்த்தலாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அம்மா போனில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். பெரியம்மா வீட்டில் யாரோ, எக்ஸ்ரே அறையில் வேலை செய்தால் பிள்ளை பிறக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். போன தடவை கோபப்பட்டேன். இந்தத் தடவை பொறுமையாகச் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன், கேட்கிறவர்களுக்கு அப்படியே அனுப்பலாம்.

நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கிறேன், டி.எல்.டி. என்று பெயர், கதிரைத் தடுக்கும் ஈய அங்கிக்கு (லெட் ஏப்ரன்) உள்பக்கம்தான் போட வேண்டும். அதற்குள் மூன்று சின்ன வட்டத் தகடுகள். கதிர் பட்டால் அந்தச் சக்தியை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் சூடாக்கினால் ஒளியாக வெளியே விடும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறோம் என்று கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி, அளந்து, எண்ணை எழுதித் தருவார்கள். கதிர் வேலை செய்கிறவருக்கு ஐந்து வருடத்துக்கு 100 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), அதாவது சராசரியாக வருடம் 20, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் உள்ள வரம்பு. தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை செய்கிற எங்களுக்கு அதன் பக்கத்தில்கூட வராது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லோருக்குமே உலக சராசரியாக வருடம் 2.4 கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அந்த பேட்ஜை மறக்காம போட்டுக்கோ" என்றார். போதும்.

செப்டம்பர் 11, வியாழன்

இயற்பியல் தேர்வு. டியூபுக்குள் போகும் சக்தியில் கிட்டத்தட்ட 99 சதவீதம் வெப்பமாகிவிடுகிறது, எக்ஸ்ரேயாக மாறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அதனால்தான் எளிதில் உருகாத டங்ஸ்டன், அதனால்தான் சுழலும் ஆனோடு. படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்வி வந்தது. நன்றாக எழுதினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இடுப்பு முதுகெலும்புப் படத்துக்கு ஒரு பெண், இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி நாலு மாதம். கூட மாமியார். கருத்தரிக்கும் வயதில் உள்ள யாருக்கும் வயிற்றுப் பக்கம் கதிர் போகிறது என்றால் கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டே ஆக வேண்டும். படிவத்தில் "எல்.எம்.பி." என்று மூன்று எழுத்து, அதை அப்படியே கேட்டால் யாருக்கும் புரியாது. "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறக்கும் முன்னால் மாமியார், "அதெல்லாம் கரெக்டா வந்துடுச்சு, நீ படத்தை எடு" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு என்னவோ நெருடியது. துணி மாற்ற வேண்டும் என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் போய்க் கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் கேட்டேன். "நாற்பது நாள் ஆகுதுக்கா. வீட்ல இன்னும் சொல்லல. போன தடவ தள்ளிப் போய்ட்டு வந்துடுச்சு, எல்லாரும் ரொம்பப் பேசிட்டாங்க" என்றாள். மெதுவாக, வெளியே கேட்காத குரலில்.

படம் எடுக்கவில்லை. மேடத்திடம் சொன்னேன், அவர் டாக்டரைக் கூப்பிட்டார், சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெளியே காத்திருந்த மாமியாரிடம் மேடம் "டாக்டர் இன்னொரு டெஸ்ட் கேக்குறாரும்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொல்ல வேண்டியது அந்தப் பெண்.

மாலையில் விசாரித்தேன். கர்ப்பம்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி, எனக்கு இரவு டியூட்டி. எட்டு மணிக்கு மேல் கேசுவால்டியிலிருந்து வரிசையாகக் கைகள். வெடிமருந்து வாசனை அறைக்குள்ளேயே வந்துவிட்டது.

ஒரு பையன், பதினோரு வயது இருக்கும். அணையப் போகிறது என்று நினைத்து வெடியைக் கையில் எடுத்திருக்கிறான். வலது கை முழுக்கக் கட்டு, கட்டுக்கு மேல் ரத்தம் ஊறியிருந்தது, மேசை மேல் கையை வைக்கவே மாட்டேன் என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இழுத்து வைக்க அப்பா கிட்டே வந்தார், வேண்டாம் என்று தடுத்தேன். "இந்த நல்ல கையை மொதல்ல வைடா பாக்கலாம், சப்பாத்தி மாதிரி" என்றேன். இடது கையை வைத்தான். லைட்டை அதன் மேல் விழ வைத்தேன், சிலுவைக் கோடு அவன் புறங்கையில் விழுந்ததைப் பார்த்தான். "ஊசி கிடையாது, இந்த லைட்டு மட்டும்தான்." கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே வலது கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஆடாமல் இருக்க அப்பாவுக்கு ஏப்ரன் மாட்டி முழங்கைப் பக்கம் பிடிக்கச் சொன்னேன், பிடிப்பது நாங்களாக இருக்கக் கூடாது, தினமும் இதிலேயே நிற்கிறவர்கள் நாங்கள்.

படம் ஒரே தடவையில் வந்தது. மோதிர விரலில் நுனி எலும்பு இல்லை. அப்பா திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணும் இல்லல்லம்மா?" படத்தைப் படித்துச் சொல்வது எங்கள் வேலை இல்லை. "டாக்டர் பாத்துச் சொல்வாருண்ணே, படத்தை இப்பவே அனுப்பிட்டேன்" என்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

இன்று எக்ஸ்ரேயின் பிறந்தநாள், உலக ரேடியோகிராபி தினம். 1895-ல் இதே நாளில் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் ஊரில் ராண்ட்கன் இதைக் கண்டுபிடித்தார். கல்லூரியில் போஸ்டர் போட்டி, கேக். சென்னையிலேயே 1934-ல் பர்னார்ட் கதிரியக்க நிலையம் தொடங்கியதைப் பற்றி ஜூனியர் ஒருத்தி நன்றாகப் பேசினாள்.

போஸ்டர் நடுவில் ராண்ட்கனின் மனைவி கையின் படம். டிசம்பர் 22 அன்று எடுத்தது. முதல் வருடத்திலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன், இன்றுதான் அந்த மோதிரத்தில் கண் நின்றது. விரல் எலும்பைச் சுற்றிக் கருப்பாக, தடிமனாக. இன்று நான் இப்படி எடுத்துக்கொண்டு போனால் ரிப்பீட் என்பார்கள். உலகத்தின் முதல் கை எக்ஸ்ரேயிலேயே ஒரு மனைவி தன் மோதிரத்தைக் கழட்டவில்லை! ஆகஸ்டில் வந்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவர் கணவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

மழை. ரயில் தாமதம், கிண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ கிடைக்காமல் நனைந்தபடி வந்தேன். அறையில் கூட்டம் குறைவு.

பதினோரு மணிக்கு ஒரு தாத்தா, நெஞ்சுப் படம். கூட வந்த பேத்தி, "அவருக்குக் காது சுத்தமா கேக்காதுக்கா" என்றாள். ஸ்டாண்டைப் பார்த்து நின்றால் எனக்கு முதுகுதான் தெரியும், என் வாயையோ கையையோ அவர் பார்க்க முடியாது. நோட்டில் எழுதிய எந்த வார்த்தையும் உதவாது.

முன்னால் போய் நின்று, அவர் கையை எடுத்து என் தோளில் வைத்து, மூச்சை இழுத்துக் காட்டினேன், தோள் உயர்ந்ததை அவர் உணர்ந்தார். நிறுத்தினேன். ஐந்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினேன், மடக்கி முடித்ததும் விட்டேன். சிரித்தார். அவரும் செய்தார், மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு விட்டார். இன்னொரு தடவை. பிறகு ஸ்டாண்டில் நிற்க வைத்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன், அதுதான் எங்கள் அடையாளம். ஓடி வந்து ஈயக் கண்ணாடி வழியாக அவர் முதுகையே பார்த்தேன். பனியனுக்குக் கீழே விலா விரிய ஆரம்பித்தது, பாதி அழுத்தினேன், இன்னும் விரிந்தது, விரிந்து நின்றது.

அழுத்தினேன்.

பத்து விலா. நானே இரண்டு தடவை எண்ணினேன். மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார்.