சித்தப்பாவின் ஜாவாவும் ஒரு பழைய ஆயில் சீலும்

சித்தப்பா அந்த வண்டியை ஓரங்கட்டிப் பதினெட்டு வருடம் இருக்கும். 1960இல் செய்த ஜாவா 250, உருண்டையான இன்ஜின், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலென்சர். "வேண்டாம்டா, எடைக்குத்தான் லாயக்கு" என்றார். நான் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கிக்கரைத் தேடினேன், காணோம். இந்த வண்டியில் அது தனியாகக் கிடையாது, கியர் லீவரையே உள்பக்கம் அழுத்தி மேலே திருப்பினால் அதுதான் கிக்கர் (இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனதை இன்றுவரை சித்தப்பாவிடம் சொல்லவில்லை). கண்டுபிடித்து மிதித்தால் அசையவே இல்லை. பிஸ்டன் ஜாம்.

இந்த இடத்தில் பலர் செய்வது, கிக்கர் மேல் ஏறி நின்று மிதிப்பது. செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் துருப்பிடித்த பிஸ்டன் ரிங், போர்ட் (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போகும் வாய்) ஓரத்தில் மாட்டி உடையும், இல்லையென்றால் கிக்கர் பல் போகும். பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கார்களுக்கான கியர் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். நல்லவேளை பிஸ்டன் மேலே நின்றிருந்தது, கீழே நின்றிருந்தால் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக அத்தனையும் சைலென்சருக்குப் போயிருக்கும். தினமும் கொஞ்சம் ஊற்றுவது, சாயங்காலம் வண்டியை நாலாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவது, இப்படியே ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் "டொக்" என்று ஒரு சத்தம், சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் பிரிக்கும் வேலை. ஒவ்வொரு மூடியையும் கழற்றும்முன் போட்டோ எடுத்தேன், அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து எந்த ஸ்குரு எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். அந்த ஸ்குருக்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம், மாற்றிப் போட்டால் அலுமினிய மரை போய்விடும். சிலிண்டரில் துரு வளையமாகத் தின்றிருந்தது. சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 65 மில்லிமீட்டர், அதை ஓவர்சைஸுக்குக் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டியதாயிற்று, வெளியே கொடுத்துச் செய்த ஒரே வேலை இதுதான். புது ரிங்கை அப்படியே மாட்டாமல் முதலில் சிலிண்டருக்குள் தனியாக விட்டு, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, ரிங் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) பார்க்க வேண்டும். மாட்டும்போது ரிங் முனை, பள்ளத்தில் இருக்கும் சின்ன ஊசிக்கு நேராக வர வேண்டும். மறந்தால் அன்றைக்கே மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

கிராங்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கையால் சுற்றிப் பார்த்தேன், பேரிங்கில் சத்தமில்லை, கனெக்டிங் ராடில் மேல்கீழ் ஆட்டமில்லை. எனவே இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன், இது சரியான முடிவுதான். கிளட்ச் பக்கத்தை எப்படியும் திறந்ததால் அங்கே கிராங்க் ஆயில் சீலை, அதாவது கிராங்க் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றினேன். டைனமோ பக்கமும் அதேபோல் ஒரு சீல், அங்கே பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி காய்ந்து சுத்தமாக இருந்தது. கசிவு இல்லையே, அதை ஏன் தொடணும் என்று விட்டுவிட்டேன். சீல் கையிலேயே இருந்தது, சின்னப் பொட்டலம். அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

பெட்ரோல் டேங்கில் துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. வாஷிங் சோடா கரைத்த தண்ணீர் நிரப்பி, ஒரு இரும்புக் கம்பியை டேங்கைத் தொடாமல் உள்ளே தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்குக்கும் கொடுத்தேன். இரண்டு நாளில் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்தது. இதில் ஹைட்ரஜன் வாயு வரும், திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. தொங்கவிடும் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கக் கூடாது, அதிலிருந்து குரோமிய விஷம் கரைந்து வரும்.

பெயிண்ட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தேய்த்தேன், அடித்தேன், வழிந்தது, மறுபடி தேய்த்தேன். வயரிங்கில் மட்டும் ஒரு கூத்து. எல்லா வயரும் புதுசு, 6 வோல்ட் பேட்டரி புதுசு, ஹாரன் அடிக்கவில்லை. அரை நாள் வயரையே தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், நான் ஃபிரேமுக்கு அழகாக அடித்த பெயிண்ட்தான் எர்த் கிடைக்காமல் தடுத்திருக்கிறது. போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டினேன், அடித்தது.

பிளக்கில் பொறி வந்தது, பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்தேன், நாலாவது உதையில் ஸ்டார்ட். தெருவே புகை. சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "டேய், ரேஸ் பண்ணாதடா, புது பிஸ்டன்" என்றார். "நான் எங்க சித்தப்பா ரேஸ் பண்றேன், அதுவா ஏறுது!"

உண்மையிலேயே இன்ஜின் வேகம் அதுவாகத்தான் ஏறியது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் இறங்க மறுத்தது, சூடாகச் சூடாக இன்னும் ஏறியது. கார்புரேட்டர் என்று நினைத்தேன். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? அடுத்த மூன்று வாரம் அந்த ஜிக்கோவ் கார்புரேட்டரைப் பதினோரு முறை கழற்றியிருப்பேன். ஜெட்டை ஊதினேன், ஊசியை ஒரு காடி மேலே தூக்கினேன், மிதவை உயரத்தை மாற்றினேன், பெரிய ஜெட் போட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரியான மாதிரி இருக்கும், இன்ஜின் சூடானதும் பழைய கதை. பிளக்கின் நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. அதாவது பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். அந்தக் காற்று கார்புரேட்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும், கீழே வரும்போது அதை அழுத்தி மேலே அனுப்பும். எங்காவது ஓட்டை இருந்தால் உறிஞ்சும்போது வெறும் காற்றும் சேர்ந்து உள்ளே வரும். அப்படியே ஓட்டினால் புது பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும்.

சோதனைக்கு ஒரு பழைய பிளக்கின் உள்பகுதியை உடைத்தெடுத்துவிட்டு, அதில் டியூப் வால்வை வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் துண்டு, தகடு வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் 6 பிஎஸ்ஐ ஏற்றினேன், அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும். சில நிமிடமாவது பிரஷர் முள் இறங்காமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பூஜ்ஜியம். மறுபடி ஏற்றிவிட்டு சோப்புத் தண்ணீர் தடவினேன். ஹெட்டில் ஒன்றுமில்லை, சிலிண்டர் அடியில் ஒன்றுமில்லை. டைனமோவுக்குப் பின்னால் பொங்கியது பாருங்கள், துணி துவைக்கிற வாளி மாதிரி.

டைனமோவைக் கழற்றி, புல்லர் போல்ட் போட்டு ரோட்டரை (டைனமோவின் சுழலும் பாகம்) இழுத்தேன். சீலின் முகத்தில் இரண்டு சின்ன ஓட்டை, பேரிங்கைத் தொடாத ஆழத்துக்கு மட்டும், இரண்டிலும் ஸ்குருவை முறுக்கி குறடால் இழுத்ததும் வந்துவிட்டது. உதடு ரப்பராகவே இல்லை, நகத்தால் தட்டினால் டிக் டிக் என்றது. அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வைத்து, சரியான சைஸ் சாக்கெட்டால் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன். இருபது நிமிட வேலை. பொறி வரவைக்கும் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், அதையும் பொறி விழும் நேரத்தையும் (டைமிங்) மறுபடி பார்த்தது தனி ஒரு மணி நேரம்.

கார்புரேட்டரில் நான் மாற்றிய எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன், அதற்குத்தான் போட்டோ உதவியது. ஸ்டார்ட் செய்து ஏற்றி விட்டேன், இறங்கி நின்று டக் டக் டக் என்று மெதுவாக ஓடியது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் இன்னும் 40க்கும் 80க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது, நின்றிருக்கும்போதும்.